துணி போர்த்தாத விமானத்தில் ஸ்ரீரங்கத்தைச் சுற்றி

1963, பிப்ரவரி. சனிக்கிழமை காலை 5.40க்குத் திருச்சி ஜங்ஷனில் இறங்கினேன். அங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையம் மூன்று மைல். பஸ் மாறி, காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து இன்னும் நான்கு மைல். டிக்கெட் பதினைந்து காசு. வடகரையில், அறுவடையான வயலில் சம்பத் அண்ணனின் விமானம் நின்றது.

அண்ணன் தென்னூரில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். நான்கு வருஷமாகத் தன் கையால் இதைக் கட்டினார். குழாய்ச் சட்டம், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, மோட்டார் சைக்கிள் சக்கரம். இறக்கைக்கு மட்டும்தான் துணி. உட்கார்ந்தால் கால்களுக்கிடையே தரை தெரியும். விமானம் ஓட்டும் உரிமம் உள்ளவள் நான் என்பதால், முன்பு இரண்டு முறை தனியே பறந்து பார்த்திருந்தேன். அண்ணன் ஏறுவது இதுவே முதல் தடவை.

6.50. பூஜை. அண்ணனின் மனைவி கமலா அண்ணி சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

"நீயும் பொட்டு வைம்மா. ஒண்ணு விடாம வை."

விசிறி, சக்கரங்கள், இஞ்சின், இறக்கையில் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய குழாயின் நுனி. ஒன்று விடாமல் வைத்தேன்.

7.15. எழும்பினோம். பனைகளைத் தாண்டிய பிறகே வேகமானியைப் பார்த்தேன். ஊசி பூஜ்யத்தில் நின்றது. காற்றைப் பிடித்து அதற்கு வேகம் சொல்வது அந்தக் குழாய்தான். அதன் வாயை நான் சந்தனத்தால் அடைத்திருந்தேன்.

வேகம் மணிக்கு முப்பத்தைந்து மைலுக்குக் குறைந்தால் இந்த விமானம் விழுந்துவிடும். நாற்பத்தைந்துக்கு மேல் இறக்கையை இழுத்துக் கட்டிய கம்பிகள் காற்றில் முனகும், குறைந்தால் ஓய்ந்துவிடும் என்று முன்பே குறித்து வைத்திருந்தேன். இறங்கும்போது இஞ்சினைத் தணித்து, காதை நம்ப வேண்டியதுதான். பெட்ரோல் நாற்பது நிமிஷத்துக்கு இருந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை.

கோயிலை வலமாகச் சுற்ற வேண்டுமென்பது அண்ணியின் கட்டளை. என் செருப்புக்குக் கீழே கொள்ளிடத்து மணல் நகர்ந்தது. அதில் நூல் நூலாகத் தண்ணீர், காயப்போட்ட வேட்டிகள். பிறகு தென்னைகள். பிறகு சதுரத்துக்குள் சதுரமாக ஏழு மதில்கள், தெற்கே முடிக்கப்படாத மொட்டைக் கோபுரம். காவிரிக்கு அப்பால் மலைக்கோட்டை பாதி பனியில் மிதந்தது. எங்கள் நிழல் மணலில் வந்தபோது அதில் இரண்டு இறக்கையும் நாங்கள் இருவரும் மட்டுமே இருந்தோம். பயப்பட வேண்டும் என்பது நினைவிருந்தது, பயம்தான் வரவில்லை.

7.40. இஞ்சினைத் தணித்தேன். கம்பிகளின் முனகலுக்குப் பதில் அண்ணன் குரல்தான் கேட்டது.

"அதோ பாரும்மா, பஸ்ஸு! தீப்பெட்டி மாதிரி இல்ல? கமலா எது, அந்த மஞ்சப் புடவையா?"

"அண்ணே, கொஞ்சம் பேசாம இருங்க."

"ஏம்மா? நாலு வருஷமா இதுக்குத்தானே..."

"அண்ணே! வாயை மூடுங்க!"

மூடினார். கம்பிகள் முனகின. கடைசிப் பனையருகே முனகல் நின்றது. விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டினேன், முனகல் திரும்ப வந்தது. சக்கரங்கள் அறுத்த நெல்தாளில் இரண்டு முறை குதித்து ஓடி நின்றன.

இறங்கியதும் நடந்ததைச் சொன்னேன், பொட்டு வைத்தது நான்தான் என்பதையும். அண்ணன் குழாயை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அப்ப நான் பேசிக்கிட்டே வந்திருந்தா?"

"கம்பி கேட்டிருக்காதுண்ணே."

அவர் அப்படியே வயலில் உட்கார்ந்துவிட்டார்.

"இவரு வாயை மூடினாராம்! பதினாறு வருஷத்துல நான் பாக்கலியே," என்று அண்ணி சிரித்தார். குழாயை முந்தானையால் மூன்று தடவை துடைத்தார்.

திங்கட்கிழமை சென்னையில், கூண்டு மூடிய விமானத்தில் ஏறினேன். ஊசி அறுபதில் ஒழுங்காக நின்றது. ஆனாலும் காற்றின் சத்தம் காதில் விழும்படி பக்கக் கண்ணாடியை இரண்டு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டேன்.