மூன்று பெரியவர்கள், ஒரு வரி

வாழவந்தி நாடு என்ற மலையூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. படுக்க சிமெண்டுத் தரை கிடைத்தது என்பதுதான் சரி. அதற்கு முன் லாரி கிளீனர், செங்கல் சூளை, பரோட்டாக் கடை. எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன் என்றதும் முதலாளி கம்ப்யூட்டர் நாற்காலியைக் காட்டிவிட்டார்.

ஒருநாள் அவர் டோனர் வாங்க நாமக்கல்லுக்குக் கிளம்பும் நேரத்தில், ஊருக்கு ஒருவராக மூன்று ஊர்ப் பெரியவர்கள் கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்க வந்தார்கள்.

"அவங்க மனசு கோணாம அடிச்சுக் குடு. கோணுச்சுன்னா நீ பையைக் கட்டிக்க" என்று என் காதில் சொல்லிவிட்டு முதலாளி பஸ் ஏறினார்.

வேலை எளிதுதான். மூவர் பெயரும் வரவேண்டும். ஒருவர் பெயர் இன்னொருவர் பெயருக்குக் கீழே வரக்கூடாது. மூன்று ஊருக்கும் சம மரியாதை. வேர்ட் மென்பொருளைச் செய்தவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை போலும். இரண்டு பெயர் அடித்ததும் மூன்றாமவரைத் தூக்கி அடுத்த வரியில் போட்டது.

"ஏங்கண்ணு, எம்பேரு மட்டும் எதுக்குப் பள்ளத்துல கெடக்குது?"

மேலே தேடினேன். முதல் மெனுவின் பெயர் ஹோம். கடைத்தரையில் படுப்பவனுக்கு நல்ல வரவேற்பு. உள்ளே வாளி, தூரிகை, கத்தரிக்கோல் படங்கள். வாளியை அழுத்தினேன், திரையில் நடுப்பெரியவர் மஞ்சளானார். அவர் பெயருக்கு அடியில் ஏற்கெனவே ஒரு சிவப்புக் கோடு நெளிந்துகொண்டிருந்தது.

"செவப்புல கோடு போட்டுருக்குதே, நானு பெயிலுங்களா?" என்றார்.

பதற்றத்தில் ஹோமை இரண்டு முறை தட்டிவிட்டேன். பட்டன்கள் மொத்தமும் மறைந்தன. தேட வேண்டியது குறைந்ததே என்று எனக்கு நிம்மதிதான். ஆனால் மறுபடி தட்டியதும் எல்லாம் வந்து வரிசையில் நின்றுகொண்டன.

இன்செர்ட் மெனுவில் டேபிள் கிடைத்தது. ஒரே வரியில் மூன்று கட்டம், ஆளுக்கு ஒன்று. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எடது பக்கந்தானே மொதல்ல படிப்பாங்க?" என்றார் வலது கட்டத்துக்காரர்.

மற்ற இருவரும் யோசிக்கத் தொடங்கினார்கள். பெரியவர்கள் யோசித்தால் எனக்கு ஆபத்து. என் பை ஆணியில்தான் தொங்கியது. அதே மெனுவில் மிச்சமிருந்த பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். வேர்ட்ஆர்ட் என்ற ஒன்று எழுத்தை வட்டமாக வளைத்தது. மூன்று பெயரையும் அதில் போட்டு, நடுவே குத்துவிளக்குப் படம் வைத்து, ஒரு தாள் அடித்தேன்.

ஒருவர் பெயர் நேராக இருந்தது. மற்ற இருவர் பெயரும் ஏறக்குறையத் தலைகீழ். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

தாளை வாங்கியவர் மெல்லத் திருப்பினார். "இப்ப நானு மேல இருக்கறனுங்க."

"இங்க குடுங்க." அடுத்தவரும் திருப்பினார்.

சாயங்காலம் முதலாளி வந்தபோது அச்சடித்த கட்டு மேசையில் இருந்தது, பெரியவர்களும் அங்கேயே இருந்தார்கள். எடுத்துப் பார்த்தார். "இதை எப்பிடிங்க படிக்கறது?"

"சுத்திச் சுத்தித்தானுங்க" என்றார் நடுப்பெரியவர். "வர்ற வருசமும் இந்தத் தம்பியே அடிக்கட்டும்."

முதலாளி என்னைப் பார்த்தார். எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாகத் தங்காதவனுக்கு அது தண்டனை போலத்தான் கேட்டது. "சரிங்க" என்றேன்.