உள்ளங்கையில் ஓட்டிய படம்

அந்தப் படத்தை முதல் தடவை ஆபீஸ் தோழியோடு போய்ப் பார்த்தேன். கண் தெரியாத, காதும் கேளாத ஒரு சிறுமி. அவளுக்கு எழுத்துச் சொல்லித்தர வரும் ஒரு டீச்சர். இவ்வளவுதான் கதை. இடைவேளைக்கு முன்பே என் கைக்குட்டை நனைந்து, தோழியின் துப்பட்டாவுக்கு வந்துவிட்டேன். அடுத்த ஒரு வாரம் ஆபீஸில் டீ குடிக்க வந்த யாரையும் விடவில்லை. படத்தை இன்னும் பார்க்காதவர்களை ஏதோ குற்றம் செய்தவர்களைப் போலப் பார்த்தேன்.

அப்போதுதான் கீழ்வீட்டுப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நேர் கீழே அம்மாவும் மகளுமாக இருக்கிறார்கள். அம்மா திருநெல்வேலிப் பக்கம், சீக்கிரம் ரிட்டையர் ஆகப்போகிறவர். மகளுக்கு முப்பத்துநாலு வயது. எட்டு வயதில் ஒரு காய்ச்சலில் காது போனது. இருபதைத் தாண்டியதும் கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி அணைந்துவிட்டது. பேச்சு நன்றாக வரும். தன் குரல் தனக்குக் கேட்காததால் எதைச் சொன்னாலும் உரக்கத்தான் சொல்வாள். வீட்டிலிருந்தே பிரெயில் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறாள். நாலு வருஷமாக மாடிப்படியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நான் புன்னகை செய்துகொண்டிருந்தேன். அந்தப் புன்னகையால் அவளுக்கு என்ன பிரயோஜனம் என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை.

"அவளை அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் அம்மாவிடம் சொன்னேன்.

"அவ சினிமாவுக்குல்லாம் போறதில்லையேம்மா. போய் என்ன செய்ய?"

"நான் கையில எழுதிக் காட்டுறேன். படத்துல டீச்சர் அப்படித்தான் செய்றாங்க. உள்ளங்கையில ஒவ்வொரு எழுத்தா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மகளின் கையில் ஏதோ வேகமாகத் தட்டியும் கிறுக்கியும் சொன்னார். அவள் சிரித்தாள். "கரெக்ட். நானும் வேலை வேலைன்னு உட்கார்ந்திருக்கேன். போலாம் ஆன்ட்டி" என்றாள். "ஆனா கையில வேண்டாம், அதைவிட..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்து ஆட்டி, சிரமம் எனக்கில்லை என்று அர்த்தம் வருகிற மாதிரி தட்டிக்கொடுத்தேன். அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். நான் ஸ்டெனோகிராபர். அதிகாரி எவ்வளவு வேகமாகப் பேசினாலும் பிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. உள்ளங்கையில் பெரிய ஆங்கில எழுத்துகளாக எழுத வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். முதல் வரியை எழுதி முடித்தேன்.

"ஆன்ட்டி, கூசுது. ஒண்ணும் புரியல" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானக் காட்சி. ஐ.என்.ஏ. ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி ஒரு மாலுக்குப் போனோம். அவள் என் முழங்கையைப் பிடித்தபடி சுலபமாக நடந்தாள். எஸ்கலேட்டரில் தடுமாறியது நான்தான்.

படம் ஆரம்பித்தது. மலையில் ஒரு பெரிய வீடு, மழை, டீச்சர் பெட்டியோடு வந்து இறங்குகிறாள். நான் மழையை எழுதி, பெட்டியை எழுதி, டீச்சரை எழுதுவதற்குள் திரையில் மூன்று காட்சிகள் போய்விட்டன. சிறுமி எதையோ உடைத்திருந்தாள். எதை என்று நான் பார்க்கவில்லை. பானை என்று எழுதிவிட்டேன். ஏற்கெனவே பார்த்த படம்தான், ஆனால் போன தடவை அழுததில் பாதி எனக்கு மறந்திருந்தது.

"டீச்சர் புடவை என்ன கலர்?" என்று உரக்கக் கேட்டாள். அவள் பார்த்த கலர்கள் அவளுக்கு ஞாபகம் இருக்கின்றன. மாம்பழ மஞ்சள் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி முடிக்க எனக்கு ஒரு முழுச் சண்டைக் காட்சியின் நேரம் பிடித்தது.

"அந்த வீட்ல யார் சமைக்கிறாங்க?"

அதைப் பற்றிப் படத்தில் ஒன்றுமே இல்லை. முன்சீட்டுக்காரர் திரும்பி, "சத்தம் வேண்டாம் பஹன்ஜி" என்று ஹிந்தியில் சிடுசிடுத்தார். பிறகு என் விரல் அவள் உள்ளங்கையில் ஓடுவதைக் கவனித்தார். முகம் அப்படியே இளகியது. கை கூப்பி, மெதுவாகத் திரும்பிக்கொண்டார். பக்கத்து வரிசையில் இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நிமிஷத்திலிருந்து நான் கெட்டுப்போனேன். கையைக் கொஞ்சம் உயரத் தூக்கி, திரை வெளிச்சம் படும்படி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். முகத்தில் ஒரு சாந்தத்தையும் கொண்டுவந்தேன். யார் யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஆன்ட்டி, 'கதவு'ன்னு நாலு தடவை எழுதியாச்சு" என்றாள். பிழை திருத்துகிறவள் இல்லையா.

கையை இறக்கிக்கொண்டேன்.

சிறுமிக்கு முதல் வார்த்தை புரிகிற காட்சி வந்தது. வயலின் உயர்ந்தது, தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. என் விரல் நின்றுபோனது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். ஈரம்.

"ஐயோ, யாரு செத்தாங்க?" என்று தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தாள்.

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். நான் சீட்டுக்குள் சரிந்தேன்.

இடைவேளையில் ஓர் அம்மாள் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். என் கையைப் பிடித்து, எவ்வளவு பெரிய சேவை, கடவுள் உங்களுக்கு நல்லது செய்வார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"சென்ட் வாசனை வந்துதே, யாரு? என்ன சொன்னாங்க?"

பாராட்டினார்கள் என்று எழுதினேன்.

"யாரை?"

நம்மை என்று எழுதினேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் பாதியில் பாப்கார்னைக் காலி செய்துவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் செய்ய வேண்டியது அவளை எழுப்புவது. செய்தது, நிம்மதியாகப் படம் பார்த்து அழுதது.

வெளியே காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எப்படி இருந்தது என்று எழுதிக் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லவா? பாதிக்கு மேல புரியல. கை வலிக்குது." பையிலிருந்து செங்கல் அளவு சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து மடியில் வைத்தாள். அதில் ஒரு வரி முழுக்கக் குட்டிக் குட்டிப் பிரெயில் புள்ளிகள். "உங்க போன்ல எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க."

ஹலோ என்று போட்டேன். பெட்டியில் புள்ளிகள் எழும்பின. அவள் விரல் அதன் மேல் ஒருமுறை ஓடியது. "ஹலோ" என்றாள். பிழை திருத்தும் வேலை முழுவதும் அவள் இதில்தான் செய்கிறாளாம். "நீங்க எவ்வளவு ஜல்தியா டைப் அடிச்சாலும் நான் படிச்சுடுவேன்."

நான் இருபத்தெட்டு வருஷமாக டைப் அடித்துச் சம்பளம் வாங்குகிறவள்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று டைப் அடித்துக் கேட்டேன்.

"சொல்ல வந்தேன், நீங்க கையை ஆட்டிட்டீங்க. படத்துல டீச்சர் கையிலதான் எழுதுறாங்கன்னு அம்மா சொன்னாங்க. ஆன்ட்டிக்கு ரொம்ப ஆசை போலன்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலவும் இருந்தது. காபி ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்து முழுக் கதையையும் போனில் டைப் அடித்தேன். இருபது நிமிஷம் ஆனது. உடைந்தது பானைதானா என்று எனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்து அடித்தேன். அவள் படித்து முடித்தாள்.

"நல்ல கதைதான். ஆனா ஒரு வார்த்தை வரதுக்கு இவ்வளவு நேரமா? பாவம் அந்த டீச்சர், போர் அடிச்சிருக்கும். அடுத்த தடவை பேய்ப் படம் போலாம்."

போனோம். இப்போது மாதம் ஒரு படம், தேர்ந்தெடுப்பது அவள்தான். போனின் வெளிச்சம் யாருக்கும் தெரியாமல் இருக்க என் துப்பட்டாவைக் கூடாரம் மாதிரி போட்டுக்கொண்டு அதற்குள் டைப் அடிக்கிறேன். யாரும் கை கூப்புவதில்லை. பின்சீட்டுக்காரர்கள் நான் போன் பைத்தியம் என்று முணுமுணுக்கிறார்கள்.

ஆனால் பேய்ப் படம் எனக்கு ஆகாது. போன சனிக்கிழமை கதாநாயகி இருட்டில் மாடியேறிப் போனதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பெட்டியில் புள்ளிகள் நின்றுவிட்டன.

"என்ன ஆன்ட்டி, என்ன வந்துச்சு?"

தெரியாது, கண்ணை மூடியிருக்கிறேன் என்று அடித்தேன்.

"திறந்து பாருங்க. நான் வெயிட் பண்றேன்" என்றாள், முன்வரிசை வரை கேட்கும்படி.

ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். பேய் இல்லை, துணி அலமாரிதான் தானாகத் திறந்திருந்தது. அப்படியே டைப் அடித்தேன். "அவ்வளவுதானா?" என்று ஏமாந்துபோய் பாப்கார்னுக்குக் கையை நீட்டினாள்.