வியாழக்கிழமைக் கூட்டத்து வத்ஸலா அக்கா

வெள்ளிக்கிழமை காலை, மும்பை தாராவியில் நான் வேலை பார்க்கும் தோல்பைப் பட்டறைக்கு அந்த போன் வந்தது. "வத்ஸலா போயிட்டா" என்றார் அவருடைய தங்கை. இரண்டு நாளாக எதிர்பார்த்துப் பயந்திருந்த செய்திதான். ஆனாலும் தைத்துக்கொண்டிருந்த பை கோணலாகப் போய்விட்டது.

குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் கூடுகிற எங்கள் கூட்டத்தில் முதல் பெயர் மட்டும்தான் சொல்வோம். வெளியே எவரைப் பற்றியும் வாய் திறக்க மாட்டோம். தங்கையிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வத்ஸலா அக்கா மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. கணவர் போனபின் தனியாக இருந்தார். கணவர் இருந்தபோதே பல வருடம் பூஜை அலமாரியில் பாட்டிலை ஒளித்து வைத்துக் குடித்தவர். "கங்கா ஜலச் சொம்புக்குப் பின்னாடி. அங்கே யாரும் கை வைக்க மாட்டாளே!" என்று அவரே கூட்டத்தில் சொல்லிச் சிரிப்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட அறையில். டாக்டர் எழுதிக் கொடுத்த விலாசத்தை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை கேட் வரை போய்த் திரும்பியிருந்தேன். நான்காவது வாரம் உள்ளே போனால் எல்லாம் ஹிந்தியும் இங்கிலீஷும். என் ஹிந்தி பேரம் பேசப் போதும், அழுவதற்குப் போதாது. திணறிக்கொண்டு நின்றேன்.

"தமிழா? அப்போ தமிழ்லயே சொல்லுங்கோ. இவாளுக்கு நான் ஹிந்தில சொல்றேன்" என்றார் வத்ஸலா அக்கா.

சொன்னேன். வீட்டில் சண்டை வரும், சில சமயம் கை நீண்டுவிடும் என்று பூசி மெழுகினேன். அவர் மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தார்.

"கை தானா நீளுமா? யாரை அடிச்சேள்?"

"பொஞ்சாதிய" என்றேன். அப்படியே ஹிந்தியில் சொன்னார். நான் குடியை விட்டது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு தாராவியில் தமிழிலேயே ஒரு கூட்டம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, வியாழன் மாலைக்கு ஒரு அறை வாங்கினார். முதல் ஆறு வாரம் அவரும் நானும் மட்டும்தான். "எக்கா, டீக்கடையிலயே பேசிருவோமே" என்று கேலி செய்தேன். "கூட்டம்னா கூட்டம். எழுந்து நின்னு பேரைச் சொல்லுங்கோ" என்றார். நானும் எழுந்து நின்று, ஏற்கெனவே தெரிந்த பெயரை அவருக்குச் சொல்வேன். ஏழாவது வாரம் கோவண்டியிலிருந்து ஒரு பிளம்பர் வந்தபோது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நடுவில் ஒருமுறை அவரே தவறிக் குடித்துவிட்டார். நாக்குக் குழறப் போன் செய்து ஒரு மணி நேரம் அழுதார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். தெளிந்தபின் என்னைத்தான் திட்டினார்.

"குடிச்சவா கூட பேசப்படாது மணி. போனை வச்சுடுங்கோ. மறுநாள் காலம்பற பண்ணுங்கோ. நானா இருந்தாலும் சரி."

அன்றிலிருந்து அது எங்கள் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது.

அதற்குப் பின் ஐந்து வருடம் அவர் தொடவில்லை. போன செவ்வாய் மதியம் இரண்டரைக்கு அவருடைய போன் வந்தது. "ம...ணி..." அதே குழறல். அடுத்த வார்த்தை புரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரே விழுந்துவிட்டால் நானெல்லாம் எம்மாத்திரம் என்ற பயம்தான் கோபமாக வந்திருக்க வேண்டும்.

"எக்கா, குடிச்சிருக்கீய. நாளைக்குப் பேசுவோம், வைங்க" என்றேன்.

உடனே மறுபடியும் அழைத்தார். நான் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில், வழக்கப்படி, போன் செய்தேன். தங்கை எடுத்தார். விடியற்காலையில்தான் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். மூளையில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. உடனே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஒரு சொட்டு மது உடம்பில் இல்லை.

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவ ஆத்துக்குப் போனேன்" என்றார் தங்கை. "வாய்கிட்ட மோந்துகூட பாத்தேன். வாசனையே இல்லை. அப்பவும் குடிச்சிருக்கான்னுதான் நெனச்சேன். போர்த்திவிட்டுட்டு வந்துட்டேன்."

நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. எனக்கே கிடைக்காததை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? கூட்டத்தார் சிலர், "நீ வழக்கப்படிதானே செஞ்ச மணி" என்கிறார்கள். தெரியாதவன் ஒருவன் அந்தப் போனை எடுத்திருந்தால் உடம்புக்கு என்னவோ என்று ஓடியிருப்பான். குழறலைக் கேட்டதும் பாட்டிலை நினைக்க ஒரு குடிகாரனால்தான் முடியும்.

சுடுகாட்டில் நாங்கள் ஏழு பேர் ஓரமாக நின்றோம். உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பழைய பழக்கம்தான், வேறென்ன" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்கள்ளாம் யாரு?" என்று கேட்டார். "ஆபீஸ்ல கூட வேலை பாத்தவங்க" என்றேன். அவர் என் விரல்களில் ஒட்டியிருந்த தோல் பசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் பெயர் வெளியே வந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது முறையாக அவரைக் கைவிட்டேன்.

முகத்தை மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்த்தேன். வாய் இடப்பக்கமாக இழுத்திருந்தது, யாரிடமோ எதையோ பாதி சொல்லி நிறுத்தியது போல.

அக்கா, அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஐந்து வருடமாக நீங்கள் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. சாகும்போதும் தெளிவாகத்தான் இருந்தீர்கள். அது தெரியாமல் போனை வைத்தவன் நான். என் பெயர் மணி. போய் வாருங்கள்.