முரசுக்குள் போன ஒரு வரி

சினிமா தியேட்டர்களுக்கு உரிமம் கொடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தீயணைக்க எத்தனை வாளி மணல் வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். உள்ளே எவ்வளவு சத்தம் போடலாம் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்கம். திருவொற்றியூரில் என் கீழ்வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். துறைமுகத்தில் நடந்த படப்பிடிப்பில் கணவருக்கு ஒரு வரி வசனம் எழுதிக் கொடுத்தார்கள்: "நேத்து போன போட்டு இன்னும் வர்ல." படம் வெளியான வாரம் அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். மனைவி பேச்சை நிறுத்திவிட்டார். போன படகு வரவில்லை என்ற சொல் கடலுக்குப் போகிறவன் வாயில் வரலாமா?

"சாரு, கொயம்பு அடுப்பாண்ட கீதுன்னு அந்தாளாண்ட சொல்லு" என்று என் வழியாகத்தான் குடித்தனம் நடந்தது.

"பேப்பர்ல எயுதினதத்தான் தெருவுல சொன்னேன் சாரு. கேமரா முன்னால அது வாயில வர்ல. 'வந்துகினு கீது'ன்னு மாத்திட்டேன். டைரக்டரு, போவட்டும், மியூசிக்க போட்டு மூடிக்கலாம்னாரு."

"புளுகறான் சாரு. படத்துல பாத்தா தெரியும்."

ஞாயிறு மதியம் தண்டையார்பேட்டையில் ஒரு தியேட்டர். இருவருக்கும் நடுவில் நான். ஒரு முகத்தை இரண்டு விநாடிக்கு மேல் காட்டினால் அபராதம் என்பதுபோலப் படம் ஓடியது. முரசுச் சத்தத்தில் நாற்காலி அதிர்ந்தது. இடைவேளையில் ஆபரேட்டரிடம் போனேன். பழைய பழக்கத்தில் எழுந்து நின்றார்.

"சத்தத்தக் கொறைச்சா பேச்சும் சேந்து கொறையும் சார். ரெண்டும் ஒண்ணாத்தான் வருது."

கடைசியில் துறைமுகம் வந்தது. காகம், கயிறு, கீழ்வீட்டுக்காரர் முகம், கத்தி, மறுபடி அவர் முகம். வாய் அசைந்தது. முரசு மட்டும் கேட்டது. இந்த இரைச்சலுக்கு எதிராக யாருக்கு, எந்தப் படிவத்தில் மனு எழுதலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

"'வந்துகினு கீது'ன்னுதான் சொல்லிக்கீறான்," என்றார் அந்த அம்மா.

"உங்களுக்குக் கேட்டதா?"

"எவனுக்குக் கேக்கும் இதுல? பத்து போட்டு இஞ்சினு ஓடச்சொல்லோ ஏலக்காரன் வாயப் பாத்துத்தான் சாரு நான் மீனு எடுக்கறேன். கட்டுனவன் வாயி தெரியாதா?"

அந்த முரசு இல்லாவிட்டால் டைரக்டர் வேறு யாரையாவது டப்பிங் பேசவைத்து, எழுதின வரியை இவர் வாயில் ஒட்டியிருப்பார். மனுவை மனசுக்குள்ளேயே கிழித்தேன்.

அந்த அம்மா தன் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை என்னைத் தாண்டிக் கணவரிடம் நீட்டினார்.

"துன்றியா?"

ஒரு வாரத்தில் முதல் முறையாக, நடுவில் நான் தேவைப்படவில்லை.