சித்தப்பா தள்ளி எடுத்த டெபாசிட்

தேயிலைக் கம்பெனியில கணக்கு எழுதுறேன்னு சொன்னா எல்லாரும் கொழுந்து எடையைத்தான் நினைக்கிறாங்க. எனக்கு அந்தப் பக்கமே வேலை இல்ல. கம்பெனி மத்தவங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் இன்னைக்கு என்ன பெறும்னு பாத்து, ஆண்டறிக்கையில குறிப்பு எழுதுறதுதான் என் பாடு. வீட்டுல சொன்னா, "கடன்னா கடன்தானே, அதுக்கு என்னத்த மதிப்பு?"ன்னு சிரிப்பாங்க. நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுட்டேன்.

மூணாறு பஜாருல எங்க கம்பெனிக்குச் சொந்தமா ஒரு வரிசைக் கடைகள் உண்டு. அதுல ஒண்ணுல என் சித்தப்பா ஸ்வெட்டரும் குல்லாவும் வித்துக்கிட்டிருந்தார். கடை எடுத்தப்ப அஞ்சு லட்சம் டெபாசிட் கட்டினார். வட்டி கிடையாது. ஒப்பந்தம் முடிஞ்சதும் முழுசாத் திரும்பக் கிடைக்கும். முடிய இன்னும் மூணு வருஷம் கிடந்தது. ஆனா மனுஷனுக்குக் கடையில உக்காரவே பிடிக்கலை. போடியில போய்க் குடியேறப் போற கூட்டாளி ஒருத்தர் தன் ஜீப்பை விக்கிறதாச் சொல்லியிருந்தார். சித்தப்பாவுக்கு அந்த ஜீப்பு மேல உயிர். கையில காசுதான் இல்ல.

அந்த நேரம் பார்த்து எங்க ஆண்டறிக்கை யாரோ ஒருத்தர் போன்ல வந்து பஜாரையே கலக்கிடுச்சு. கடை டெபாசிட்டுன்னு போட்ட இடத்துல, கட்டின தொகை ஒரு பக்கம், அதைவிடக் குறைஞ்ச இன்றைய மதிப்பு இன்னொரு பக்கம். கம்பெனிக்காரன் நம்ம பணத்துல கை வச்சிட்டான்னு கடைக்காரங்க எல்லாம் சித்தப்பா கடை முன்னாடி கூடிட்டாங்க. பஜார் சீட்டு நடத்துறவர் அவர்தான். பணம் காசுன்னா அவர் வாயைத்தான் எல்லாரும் பாப்பாங்க. அவர் எனக்குப் போன் போட்டார்.

"ஏ பிள்ள, எழுதினது நீதானே? நீயே வந்து பதில் சொல்லு."

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. கண்ணு பூத்துப்போக உக்காந்து போட்ட கணக்கு, என்னையே திருடி ஆக்கிடுச்சேன்னு மழையில நனைஞ்சுக்கிட்டே போனேன்.

"உங்க பணம் ஒத்த ரூவா குறையாது. மூணு வருஷம் கழிச்சு வரப்போற அஞ்சு லட்சமும் இன்னைக்குக் கையில இருக்கிற அஞ்சு லட்சமும் ஒண்ணா? இன்னைக்கு எவ்வளவு பெறும்னு ஊருக்குச் சொல்லணும், அதான் விதி. எந்த வட்டியில பாத்தோம்னும் கீழயே எழுதியிருக்கேன். அதைப் படிக்க மட்டும் யாருக்கும் நேரமில்ல"ன்னு பொரிஞ்சு தள்ளிட்டேன்.

சித்தப்பா தாடையைச் சொறிஞ்சார். "சீட்டுல அவசரக்காரன் தள்ளி எடுப்பானே, கழிவு போகக் கம்மியா வாங்கிட்டுப் போவானே, அது மாதிரியா?"

"அதேதான் சித்தப்பா."

அவ்வளவுதான், கூட்டம் டீ குடிக்கப் போயிடுச்சு. அவர் மட்டும் போனை வாங்கி வட்டி போட்டிருந்த அந்த வரியையே பாத்துக்கிட்டிருந்தார்.

மறுநாள் காலையில எங்க மலையாளி மேனேஜர் முன்னாடி வந்து உக்காந்துட்டார். "சாரே, கடையை இப்பவே ஒழிச்சுத் தர்றேன். டெபாசிட்டைத் தள்ளி எடுத்துக்கிறேன்."

மேனேஜருக்குச் சிரிப்புத் தாங்கலை. இப்படி எவரும் வந்து கேட்டதே இல்ல. ஆனா அந்தக் கடைக்குக் கூடுதல் வாடகை தர ஆள் காத்துக் கிடந்தது அவருக்குத் தெரியும். "மூணரை லட்சம் தரலாம் சேட்டா"ன்னார்.

"அது என்ன கணக்கு சாரே? நீங்க அச்சடிச்சது வருஷத்துக்கு ஒம்பது வட்டி. ஊருக்கு ஒரு வட்டி, எனக்கு ஒரு வட்டியா?"

மேனேஜர் என்னைப் பாத்தார். சித்தப்பாவும் என்னைப் பாத்தார். சம்பளம் கொடுக்கிறவர் ஒருத்தர், தூக்கி வளர்த்தவர் ஒருத்தர். கால்குலேட்டரைத் தட்டிட்டுச் சொன்னேன். "ஒம்பதுக்குக் கூட்டு வட்டியில பாத்தா மூணு லட்சத்து எண்பத்தாறாயிரம் வருது சார். ஆண்டறிக்கையில அப்படித்தான் போட்டிருக்கோம்."

மேனேஜர், "நாம எழுதினத நாமளே மறுக்க முடியாதே"ன்னு சொல்லிட்டுப் பேனாவை எடுத்தார்.

ஜீப்பு வந்த அன்னைக்கு என்னைத்தான் முதல்ல ஏத்தினார். எஸ்டேட் ரோட்டுல குலுங்கிக்கிட்டே போகும்போது கேட்டேன், லட்சத்துக்கு மேல விட்டுட்டோமேன்னு வருத்தமா இல்லையான்னு.

"மூணு வருஷம் அந்தக் கடைக்குள்ள கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்திருப்பேன். அதுக்கு நீ எந்த வட்டி போடுவ?"

சந்தோஷத்துல நான் வாய்விட்டுச் சிரிச்சேன். நான் எழுதின ஒத்த வரியை நம்பி ஒரு மனுஷன் ஜீப்பு வாங்கியிருக்கார்.