மாமா விட்ட விரால்

சண்டை முடிந்த வருடம், பள்ளிக்கூட விடுமுறையில் மாமா என்னையும் கல்முனையிலிருந்து ஜமாஅத்தில் கூட்டிப் போனார். காட்டோரத்து ஊர்களின் பள்ளிவாசலில் தங்கி, வீடு வீடாகப் போய் ஆண்களைத் தொழுகைக்கு அழைக்கும் பயணம் அது. எனக்கோ யானை பார்க்கத்தான் ஆசை. சண்டை பிடித்த இயக்கத்துக்கும் ஆமிக்கும் பயந்து எவரும் கால் வைக்காத காடு அப்போதுதான் திறந்திருந்தது.

மாமாவோடு போவதென்றாலே கரைச்சல். கடல் உள்வாங்கித் திரும்பிய சுனாமியில் மாமியும் மகளும் போனதிலிருந்து அவர் அப்படித்தான் என்று உம்மா சொல்வார். அந்த மகள் என் வயதுக்காரி, எவ்வளவு தேடியும் கிடைக்கவேயில்லை. எல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தென்ன, என் மணிக்கட்டைப் பிடித்தால் மனிசன் விடவே மாட்டார்! யானை வந்திருக்கிறது என்று எல்லாரும் குளக்கட்டுக்கு ஓடியபோது, என்னை மட்டும் பள்ளிவாசலுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். மற்றப் பொடியன்கள் திரும்பி வந்து தும்பிக்கையின் நீளத்தைக் கையால் அளந்து காட்டினார்கள். எரிச்சலில் சோறு வேண்டாம் என்றேன். அவரும் சாப்பிடவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசி நாள் ஓய்வு. கெஞ்சிக் கூத்தாடி, குளத்துக்குக் கீழே வாய்க்காலில் மீன் பிடிக்கச் சம்மதிக்க வைத்தேன். முழங்கால் தண்ணீர்தான். அதற்கும், "கரையிலயே குந்துங்க மனே, கால நனைக்காதீங்க" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கடலில் நீந்தி வளர்ந்த மனிசன்!

என் தூண்டிலில் ஒரு விரால் மாட்டியது. கை நீளம் இருக்கும். அதை இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் மேலே வயல்காரர்கள் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசைப் பூட்டிவிட்டார்கள். வாய்க்கால் மளமளவென்று வற்றியது. சேற்றில் குஞ்சு மீன்கள் துடித்தன. எனக்குக் கொண்டாட்டம், இனிக் கையாலேயே அள்ளலாம்.

"யா அல்லாஹ், தண்ணி உள்ள வாங்குது!"

மாமா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குளக்கட்டில் ஏறினார். ஏறும்போதே, தொழுகை நேரமே இல்லாத நேரத்தில், தொண்டை கிழியப் பாங்கு சொன்னார். தூண்டிலும் விராலும் சேற்றில் கிடந்தன. வயலில் நின்றவர்கள் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள்.

"ஒண்டுமில்ல காக்கா, துருசத்தான் பூட்டின" என்று மாமாவை அண்ணன் முறை சொல்லி அழைத்தார் ஒருவர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"விடுங்க மாமா, மானம் போகுது!" என்று அவர் முதுகில் குத்தினேன்.

எதுவும் அவர் காதில் விழவில்லை. என்னைக் கட்டின் உச்சியில் இறக்கி, "இதிலயே நில்லுங்க மனே, அசையப்படாது" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் வாய்க்காலுக்குள் ஓடினார்.

என் ஆத்திரம் அந்த நொடியே ஆறிவிட்டது. என் விராலை எடுக்கத்தான் மாமா போகிறார் என்று நினைத்தேன். அவர் சேற்றில் மண்டியிட்டு, கரையோரப் புல்லுக்குள் இரண்டு கைகளையும் விட்டுத் துழாவினார். விரால் அவர் பக்கத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தது.

"அந்தா மாமா, காலுக்குள்ள கிடக்கு!" என்று மேலிருந்து கத்தினேன்.

அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையெட்டும் மீனை விட்டுவிட்டு இந்த மனிசன் அங்கே வேறு எதைத்தான் தேடுகிறார் என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை.