நாற்காலியைப் பிடித்திருந்தவர்

நியூசிலாந்தில் என்னுடைய வேலைநாள், நடக்காத விபத்துகளைப் படிப்பதில் தொடங்குகிறது. இங்குள்ள பாலர் பள்ளிகளில் அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். ஆசிரியைகள் அதில் எழுதுவார்கள்: 'கைகழுவும் இடத்தில் தரை ஈரமாக இருந்தது. வழுக்கியது. விழவில்லை.' 'மேல் தட்டிலிருந்து பெட்டியை எடுத்தேன். சரிந்தது. தலையில் படவில்லை.' இதற்கு நியர் மிஸ் என்று பெயர். முதன்முதலில் அந்த நோட்டைப் புரட்டியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விழவில்லை என்றால் எதற்காக எழுத வேண்டும்? விழுந்தவர்களைப் பற்றியே எதுவும் எழுதாத இடத்திலிருந்து வந்தவள் நான்.

நாங்கள் இங்கே வந்து கொஞ்ச காலத்தில் வேலையிடப் பாதுகாப்புக்குப் புதிய சட்டம் வந்தது. ஆலைக்கும் கட்டட வேலைக்கும் உள்ள அதே சட்டம் பள்ளிக்கூடத்துக்கும் பாலர் பள்ளிக்கும் உண்டு. குழந்தைகள் பத்திரமாக இருந்தால் மட்டும் போதாது. டீச்சர், சமையல் செய்பவர், கூட்டிப் பெருக்குபவர் எல்லோரும் காலையில் வந்தபடியே சாயங்காலம் வீடு போய்ச் சேர வேண்டும். அந்தப் பொறுப்பு பள்ளியை நடத்துகிறவர்களுடையது. சட்டத்தின் தடிமனைப் பார்த்தே மிரண்டுபோன சின்னப் பள்ளிகள் நிறைய. அவர்களிடம் போய் உட்கார்ந்து, எதை மாற்ற வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. கோபிசெட்டிபாளையத்தில் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தவளுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று ஊரில் கேட்கிறார்கள். இங்கே ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்து, சட்டம் வந்தபோது அதைப் படித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லாததால் நான் படித்தேன். அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் என்னால் குழப்பமும் நேர்ந்தது. ஹெலன் என்றொரு பெண்மணி நடத்தும் பள்ளிக்கு முதல்முறை போயிருந்தேன். சுவரோடு இறுக்கியிருந்த புத்தக அலமாரியைக் காட்டி, இது சரிதானா என்று கேட்டார். சரிங்க என்று நாம் தலையை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டுவோமே, அப்படி ஆட்டினேன். அடுத்த முறை போனால் அலமாரியே இல்லை. புத்தகங்கள் எல்லாம் கூடைகளில் தரையில் கிடந்தன. "நீங்கள்தான் கூடாது என்று சொன்னீர்கள்" என்றார் ஹெலன். இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்குக் காரோட்டி வரும்போதுதான், இந்தத் தலையாட்டலைப் பார்த்து "சரி, விடுங்க, ஆச்சு" என்று புரிந்துகொள்ளும் ஒரு ஆள்கூட இந்த ஊரில் இல்லையே என்று இருந்தது.

அதே ஹெலன் போன வருடம் அந்த நோட்டில் மூன்று வரி எழுதியிருந்தார். 'படம் மாட்டுவதற்காகக் குழந்தைகளின் நாற்காலியில் ஏறினேன். நாற்காலி ஆடியது. இறங்கிவிட்டேன்.' அந்தப் பக்கத்தை என்னால் தாண்ட முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. எனக்குக் குளிர்கிறது என்று நினைத்துக்கொண்டு ஹெலன் ஹீட்டரைத் தூக்கி வந்து என் காலடியில் வைத்தார். நன்றி சொன்னேன். மரகதம்மாவைப் பற்றி அவரிடம் நான் எப்படிச் சொல்வது?

மரகதம்மா கோபியில் நான் வேலை பார்த்த பள்ளியின் ஆயாம்மா. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். குழந்தைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, வாந்தியெடுத்த இடத்தைக் கழுவுவது, வேன் வரும்வரை வாசலில் நிற்பது, எல்லாம் அவர்தான். அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வகுப்பறையைக் கூட்டுவார். அவருடைய மாமியார் எங்கள் தோட்டத்தில் வேலைக்கு வந்துகொண்டிருந்தவர். அதனால் பள்ளிக்கூடத்திலும் மரகதம்மா என் முன்னால் உட்கார மாட்டார். உட்காருங்க என்று நானும் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள் அது. வகுப்பறையில் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தோம். ஏணி என்று ஒன்று பள்ளியில் இருந்ததில்லை. பெஞ்சின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "ஆயாம்மா, ஏறிக் கட்டிப்போடுங்க, நான் புடிச்சுக்கறேன்" என்றேன். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். நான் நாற்காலியின் காலைப் பிடித்திருந்தேன். அந்நேரம் பார்த்துத் தாளாளர் வராந்தாவிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "இதோ வந்துட்டேனுங்க" என்று கையை எடுத்துவிட்டு வாசல்வரை போனேன். பின்னால் சத்தம் கேட்டது.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் ஆண்டு விழா நன்றாகவே நடந்தது. என் வகுப்புக் குழந்தைகள் ஆடிய ஆட்டத்துக்குக் கைதட்டல் ஓயவில்லை. "அந்தம்மா பாத்து ஏறியிருக்கலாம்" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். நாற்காலியைப் பிடித்திருந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் கணவருக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்து, பெட்டி கட்டி, கிளம்பிவிட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் ஏதோ ஒரு வேலை இருந்தது.

வெளியே வந்து வாழ்கிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஊர் ஏக்கம் என்று நாம் சொல்வதில் பாதி சாப்பாடும் மழையும் கூட்டமுமாக இருக்கும். மீதிப் பாதி, முடிக்காமல் விட்டுவந்த பேச்சு. குளிர்காலத்தில் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும் இந்த ஊரில், ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, "ஏனுங்க டீச்சர்" என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று நான் ஏங்கியிருக்கிறேன். அந்த ஏக்கத்தில் எனக்குக் கேட்ட குரல் எப்போதும் ஒரே குரல்தான். அது என் அம்மாவின் குரல் அல்ல.

ஹெலனின் நோட்டைப் படித்த அந்த வருடக் கடைசியில் ஊருக்குப் போனேன். மரகதம்மா காரமடையில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். காரமடையில் இறங்கி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். வாசலில் நாற்காலி போட்டு, மடியில் கறிவேப்பிலையை வைத்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் மரகதம்மா. பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். அவரால் இப்போது தரையில் உட்கார முடியாது. என்னைப் பார்த்ததும் கைத்தடியைத் தேடி எழப் பார்த்தார்.

"எந்திரிக்காதீங்க, உக்காருங்க" என்று தோளைப் பிடித்தேன்.

"டீச்சருங்களா! எப்பங்க வந்தீங்க? ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா? இந்த வெயில்ல எதுக்குங்க இத்தன தூரம்?"

உள்ளே போய் நானே ஒரு ஸ்டூலை எடுத்துவந்து அவர் எதிரே உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் நெளிந்தார். பிறகு கறிவேப்பிலையில் ஒரு பிடியை என் பக்கம் தள்ளினார். நானும் கட்டத் தொடங்கினேன்.

"அங்க என்னங்க வேல பண்றீங்க? டீச்சர் வேலதானுங்களா?"

"டீச்சர் வேலை இல்லீங்க. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி, அங்க வேலை செய்யறவங்களுக்கு அடிகிடி படாம இருக்க என்ன பண்ணோணும்னு சொல்லித்தர்றேனுங்க."

"டீச்சருமாருக்குங்களா?"

"டீச்சர், ஆயாம்மா, எல்லாருக்குமுங்க."

அவர் கை நின்றது. "ஆயாவுக்கு அடிபடாம பாத்துக்கறதுக்கு ஒரு ஆளுங்களா?" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு. அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் என்னைப் பேச வைத்தது.

"அன்னிக்கு நாந்தானுங்க கையை எடுத்துட்டேன். புடிச்சுக்கறேன்னு சொல்லிட்டு எடுத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லலீங்க."

"தெரியுமுங்க" என்றார் மரகதம்மா. "நீங்க கைய எடுத்தப்பவே நாக்காலி ஆடுச்சுங்களே. டீச்சர்னு கூப்படலாம்னுதான் வாயெடுத்தேன். பெரியவரு கூப்புட்டுட்டு இருக்காரு, நடுவுல நாம எப்படிக் கூப்படறதுன்னு சும்மா இருந்துட்டனுங்க."

கொஞ்ச நேரம் இருவரும் கட்டுக் கட்டினோம். பிறகு அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "உழுந்ததுக்கு உங்க மேல ஒண்ணும் இல்லீங்க. ஆனா ஒருக்கா வந்து பாப்பீங்கன்னு இருந்தனுங்க. ஊட்டு வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா, படுத்த வாக்குலயே டீச்சரான்னு கேப்பேன். அப்பறம் நீங்க வெளிநாடு போயிட்டீங்கன்னு சொன்னாங்க. அதுக்கப்பறம் கேக்கறத உட்டுப்போட்டேன்."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. நான் அடங்கும்வரை காத்திருந்து, "டீ வெக்கட்டுங்களா?" என்று கேட்டார். நான்தான் போய் வைத்தேன். சர்க்கரை எங்கே, தூள் எங்கே என்று வாசலிலிருந்தே சொன்னார்.

டீ குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். நியூசிலாந்தில் நான் பள்ளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே முறையில், தமிழில் எழுதினேன். என்ன நடந்தது, எப்போது, எங்கே, யார் இருந்தார்கள், என்ன இருந்திருந்தால் நடந்திருக்காது. அவருக்கு வாசித்துக் காட்டினேன். "சாயங்காலமில்லீங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால. நான் அன்னிக்குச் சாப்படவே இல்லீங்களே" என்று திருத்தினார். திருத்தி எழுதினேன். 'நாற்காலியைப் பிடித்திருந்தவர்' என்று எழுதி அதற்கு நேராக என் பெயரை எழுதினேன். அவர் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, அடியில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அந்தத் தாளோடு பழைய பள்ளிக்குப் போனேன். தாளாளர் காலமாகிவிட்டார். என்னோடு யு.கே.ஜி. எடுத்த சாந்தி இப்போது தலைமையாசிரியை. படித்துவிட்டு, "இத்தன வருசம் கழிச்சு இது எதுக்கு? உட்டுப்போடு" என்றாள். நான் தாளைத் திரும்ப அவள் பக்கமே தள்ளினேன். அவள் இன்னொரு தடவை படித்தாள். பிறகு இரண்டு ஆயாம்மாக்களையும் கூப்பிட்டு அனுப்பினாள்.

"எதும் மேலயாவது ஏறி வேல செய்யறீங்களா?" என்று சாந்தி கேட்டாள்.

"இல்லீங்க மிஸ்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

இந்தப் பதில் எனக்குப் பழக்கம். எந்த நாட்டிலும் முதலில் வருவது இதுதான். "இன்னிக்குக் காத்தால எதும்மேல ஏறுனீங்க?" என்று நான் கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணித் தொட்டியைப் பார்க்க மதில்மேல், ஒட்டடை அடிக்கப் பெஞ்சுமேல், மேல் ஜன்னலைச் சாத்த இன்னொரு பெஞ்சுமேல். இன்று மட்டும் மூன்று முறை. சாந்தி தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தாள். நான் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே, புதிய இரும்பு ஏணியின் படமொன்று அவளிடமிருந்து வாட்ஸப்பில் வந்தது. அதை மரகதம்மாவின் மகளுக்கு அனுப்பினேன். "அம்மா பாத்தாங்க. இன்னொருக்கா வந்தா இருந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்றாங்க" என்று பதில் வந்தது. இதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

திரும்பி வந்த வாரம், ஹெலனின் பள்ளியில் தீ விபத்துப் பயிற்சி. மணி அடித்ததும் குழந்தைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்தார்கள். புல்வெளியில், எல்லோரும் சேர வேண்டிய இடத்தில் நின்றோம். வெயில் இருந்தது, ஆனால் காற்றில் சூடு இல்லை. ஹெலன் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தார். முதலில் குழந்தைகள், பிறகு பணியாளர்கள், கடைசியில் அன்று வந்திருக்கும் விருந்தினர். என் பெயர் மட்டும்தான் அதில் இருந்தது. எல்லோரும் ஹியர் என்று சொன்னதுபோல நானும் சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"இருக்கேனுங்க" என்றேன்.

குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஹெலன் பேனாவை உயர்த்தியபடி, நான் இன்னும் ஏதாவது சொல்வேனா என்று காத்திருந்தார். நான் அந்தப் புல்லில், நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, என் பெயருக்கு நேராக அவர் டிக் அடித்தார்.